வாலில்லாக் கந்தோர்

"இஞ்சாருங்கோ, எல்லாம் கட்டியாச்சு. அண்ணை வள்ளத்தடியிலை பாத்துக்கொண்டு நிக்கிறார். வேறை ஏதும் சொல்லவேணுமோ?"

"எண்ணெய்ப் போத்தில் எங்கை வைச்சனி?"

"அடுப்புக்குப் பின்னாலை."

"பெருஞ்சீரகம்?"

"நீலப் பேணிக்கை. வேறை?"

"வேறையென்ன. ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையோ?"

"இல்லையெண்டு சொல்லுறன்தானே."

எண்பத்தேழாம் ஆண்டு வைகாசி மாதம், பருத்தித்துறையில் தேத்தண்ணிக்கடையோடு ஒட்டிய ஒரு வீட்டுப் படலைக்கு உள்ளும் வெளியுமாக நின்று பரமலிங்கமும் அவன் மனைவி அருமைநாயகியும் கதைத்தது இவ்வளவுதான். அவள் கேட்டது எண்ணெயைப் பற்றியல்ல என்பது அவனுக்கு அப்போதே தெரியும். 'போகாதை' என்று அவன் ஒரு சொல் சொன்னால் கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட அவள் ஆயத்தமாக நின்றாள். அந்தச் சொல் அவன் தொண்டைவரை வந்தது. ஆனால் அன்று காலைதான் பெரிய சண்டை. "கடையைப் பூட்டிப்போட்டு நீங்களும் வாங்கோ" என்று அவள் கெஞ்ச, "கடையை உன்ரை கொண்ணரோ வந்து பாப்பார்?" என்று அவன் கத்தியிருந்தான். காலையில் கத்திய வாயால் பின்னேரம் கெஞ்சுவது எப்படி? ஷெல்லும் விழுந்துகொண்டிருந்தது. போனால் உயிராவது தப்பும் என்று தன் வீம்புக்கு ஒரு நல்ல சட்டையும் மாட்டிவிட்டு, அவன் பெருஞ்சீரகத்தைப் பற்றி விசாரித்தான்.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அண்ணன் மார்க்கண்டுவும் அவர் குடும்பமும் அவளும் ஏறிய வள்ளம் பொழுதுபட முன் அக்கரைக்கு, இந்தியாவுக்கு, வெளிக்கிட்டது. கடையைக் காக்கவென்று நின்றவனுக்கு அடுத்த கிழமை காப்பதற்குக் கடையில்லை. கூரை போய், சுவரும் பாதி போயிருந்தது. அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் போத்திலும் நீலப் பேணியும் மட்டும் அவள் சொன்னபடியே சுகமாக இருந்தன.

பிறகு தகரம் போட்டு, மீன்சந்தைக்குப் பக்கத்தில் அதே தேத்தண்ணிக்கடையை அவன் திரும்ப நடத்தினான். தட்டை வடை சுட்டான். அக்கரையிலிருந்து ஊரில் மற்றவர்களுக்குக் கடிதம் வந்தது. அவனுக்கு வரவில்லை.

"கோவம்," என்பான் கேட்டவர்களிடம். "அவளுக்குக் கோவம் வந்தா லேசிலை ஆறாது. கலியாணம் முடிச்ச புதிசிலை ஒருக்கா தை மாசம் கோவிச்சவள், சித்திரைக்குத்தான் கதைச்சவள்."

இரண்டு சித்திரை போய்விட்டது. அவளுக்குக் கோபம் என்பதை அவன் ஒரு நாளும் சந்தேகிக்கவில்லை. சந்தேகித்தால் வேறு எதையோ நம்பவேண்டி வரும்.

இந்த நிலைமையில்தான் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், 'குடாநாட்டு இடம்பெயர்ந்தோர் தகவல் நிலையம்' என்று புதிதாகப் பலகை மாட்டிய கந்தோர் ஒன்று இருப்பதை அவன் கேள்விப்பட்டான். அக்கரையில் கால்வைத்தவர்கள் எல்லாருடைய பெயரும் அங்கே இருக்கிறதாம். வெள்ளைக்காரர் கொடுத்த பெரிய கொம்பியூட்டர் ஒன்றுக்குள் போட்டு வைத்திருக்கிறார்களாம். பெயரைச் சொன்னால் கண்மூடித் திறக்க முன்னர் சொல்லுமாம்.

பரமலிங்கம் ஒரு சரை வடையையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

வாசலில் மேசை போட்டு இருந்தவர் பிரதம இலிகிதர் இளையதம்பி. நீட்டுக் கைச் சட்டை, பொக்கற்றில் பல நிறப் பேனைகள்.

"ஆரைத் தேடுறீர்?"

"அருமைநாயகி, ஐயா."

"உறவுமுறை?"

"பெண்சாதி."

"தேடுறதுக்குக் காரணம்?"

பரமலிங்கம் யோசித்தான். "பெண்சாதி, ஐயா," என்றான் மறுபடியும்.

"அது உறவுமுறை, ஐசே. காரணம் வேறை. காணிப் பிரச்சினை, சீதனப் பிரச்சினை, மறுமணம், மற்றவை. நாலிலை ஒண்டு சொல்லும்."

"மற்றவை," என்றான் பரமலிங்கம், தலையைக் குனிந்துகொண்டு.

"நல்லது. ஆனால் இண்டைக்குப் பாக்கேலாது. கனெக்சன் இல்லை."

"கரண்ட் இல்லையோ ஐயா?"

"கரண்ட் இருக்கு. சேர்வரும் இருக்கு, அந்தா பூட்டின அறைக்கை. அதுக்குள்ளைதான் எல்லாற்றை பேரும். இஞ்சை மேசைகளிலை கொம்பியூட்டரும் இருக்கு. ரெண்டுக்கும் நடுவிலை வயரும் இருக்கு. கனெக்சன் மட்டும் இல்லை."

"ரெண்டு பேருக்கும் கோவமோ ஐயா?" என்று பரமலிங்கம் கேட்டான். அவன் பகிடி விடவில்லை. ஒன்றாக வாழவேண்டிய இரண்டு பேர், நடுவில் எல்லா வசதியும் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதற்கு அவனுக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

பின்னால் தட்டெழுத்துப் பகுதியிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். குணலட்சுமி என்று பெயர். இளையதம்பியர் உள்ளே எழும்பிப் போனதும் அவள் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டுத் தன் கொம்பியூட்டரைக் காட்டினாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் இங்கிலீசில் ஏதோ நின்றது.

"என்ன பிள்ளை சொல்லுது?"

"சேர்வரைக் காணேல்லையாம் அண்ணை."

"அதுவும் காணாமல் போட்டுதோ?"

"இல்லை, அறைக்குள்ளைதான் இரைஞ்சுகொண்டு இருக்கு. உதுக்குத்தான் காணேல்லையாம்."

"அப்ப அந்த அறைக்கை போய், சேர்வரிட்டையே நேரை ஒருக்காக் கேக்கேலாதோ?"

குணலட்சுமி குரலைத் தணித்தாள். "பணிப்பாளரிட்டை நீங்கள் நேரை போய் ஒண்டு கேப்பியளோ? அப்பிடித்தான் அண்ணை அதுவும். எங்கடை மேசைக் கொம்பியூட்டர் வழியாத்தான் கேக்கலாம்."

"கடுதாசியிலை பேர்ப் பட்டியல் வந்திருக்குமே?"

"வந்தது. எல்லாத்தையும் நாங்கள்தான் அக்கரையிலையிருந்து வந்த கொம்பியூட்டர்த் தட்டுகளோடை ஒத்துப் பாத்தது. சேர்வர் வந்த உடனை, ஒரு கந்தோரிலை ஒரே தகவல் ரெண்டு இடத்திலை இருக்கக்கூடாதெண்டு பணிப்பாளர் பட்டியலைக் கட்டிக் கொழும்புக்கு அனுப்பிப்போட்டார்."

"அப்ப என்ரை ஆளின்ரை பேரை நீங்கள் கண்டிருப்பியள்?"

"ஆயிரக்கணக்கான பேர் அண்ணை," என்றாள் அவள், சங்கடத்தோடு. "எனக்கு என்ரை பேரே மறந்துபோச்சு அந்த நாளிலை."

அன்று அவன் வடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். அரசாங்க உத்தியோகத்தர் பொதுமக்களிடம் எதுவும் வாங்கக்கூடாது என்று இளையதம்பியர் விளக்கினார். ஆகவே வடை 'கந்தோரில் கைவிடப்பட்ட பொருள்' என்று வகைப்படுத்தப்பட்டு, தேத்தண்ணி நேரத்தில் பாதுகாப்பாக அகற்றப்பட்டது.

அடுத்த முறை போனபோது கந்தோர் வாசலில் மாவிலை கட்டியிருந்தது. கனெக்சன் கோளாற்றுக்குக் கண்ணூறுதான் காரணம் என்று உத்தியோகத்தர் கூட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பக்கத்து ஒழுங்கையிலுள்ள வேறொரு கந்தோரில் இன்னும் பழைய தட்டெழுத்து இயந்திரம்தானாம். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன கையோடுதான் சேர்வருக்கு வருத்தம் வந்ததாம். ஐயர் வந்தார். சேர்வர் அறையைப் பணிப்பாளர் தம் கையால் திறந்தார். நீத்துப்பூசணிக்காய் வாசற்படியில் உடைக்கப்பட்டது. அதன் தண்ணி உள்ளே ஓடி இயந்திரத்தை நனைக்காமல் பார்த்துக்கொள்ள இரண்டு இலிகிதர்கள் துவாயோடு நியமிக்கப்பட்டிருந்தார்கள். எல்லாரும் விபூதி பூசிக்கொண்டு திரைகளைப் பார்த்தார்கள். சேர்வரைக் காணவில்லை என்று திரைகள் சொல்லின.

"ஒரு முன்னேற்றம் இருக்கு," என்றார் பணிப்பாளர் நடராசா. அவர் குரல் எப்போதும் மேடையில் நிற்கும் குரல். "முந்தி உடனை காணேல்லை எண்டது. இப்ப யோசிச்சுப்போட்டுத்தான் காணேல்லை எண்டுது."

அதற்கடுத்த முறை விண்ணப்பதாரர்களின் வாங்கு வெளியே வேப்பமரத்துக்குக் கீழே போடப்பட்டிருந்தது. பணிப்பாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து ஆராய்ந்தாராம். மக்கள் எவரும் இல்லாத அந்த நாளில் கனெக்சன் இல்லையென்ற முறைப்பாடு ஒன்றுகூட வரவில்லை. எனவே கோளாறு மக்களால்தான் வருகிறது என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாயிற்று. மக்கள் உள்ளே வரக்கூடாது. யன்னலருகில் இருமக்கூடாது. தேடுகிற ஆளின் பெயரைத் தேவையில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லக்கூடாது.

வேப்பமரத்துக்குக் கீழே வேறு ஆட்களும் இருந்தார்கள். மகனைத் தேடுகிற தாய் ஒருத்தி, தகப்பனைத் தேடுகிற இரண்டு சகோதரிகள். அவர்கள் பரமலிங்கத்தின் வடையைப் பங்கிட்டுத் தின்றார்கள். பெயர்களைச் சொல்லாமல், "உங்கடை ஆள்", "எங்கடை ஆள்" என்று கதைத்தார்கள்.

"உங்கடை ஆள் ஏன் அண்ணை கடிதம் போடேல்லை?" என்று சகோதரிகளில் மூத்தவள் கேட்டாள்.

"நான் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை. அதுதான் கோவம்."

"இப்ப எழுதி விடுங்கோவன்."

"எழுதத்தானே விலாசம் தேடுறன். அவளின்ரை பேர் எந்த முகாமிலை எண்டு மெசின் சொல்லட்டும். கடிதமென்ன, நானே போய் நிக்கிறன். நிண்டு, அந்தச் சொல்லைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றக் கதை."

"என்ன சொல் அண்ணை அது?"

பரமலிங்கம் சிரித்துச் சமாளித்தான். பெண்சாதிக்குச் சொல்லவேண்டியதை ஊருக்குச் சொல்வதா?

குணலட்சுமி தேத்தண்ணியோடு வெளியே வந்தபோதுதான் வால் கதை தெரியவந்தது. அதை அவள் கோளாற்றுக்குக் காரணமாகச் சொல்லவில்லை. கந்தோர்ப் புதினமாகத்தான் சொன்னாள். அந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று அந்தக் கந்தோரில் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

முதன்முதலில் சேர்வரைப் பூட்ட வந்தவர்கள் ஒரே வயரைச் சேர்வரிலிருந்து தொடங்கி மேசை மேசையாகக் கொண்டுபோனார்களாம். முதலில் பணிப்பாளர், பிறகு கணக்காளர், பிறகு இலிகிதர்கள். யன்னலடியில் இருந்ததால் இளையதம்பியருக்குக் கடைசி இடம். வயரின் இரண்டு அந்தத்திலும் தோட்டைப் பின்னால் திருகிப் பூட்டுகிற சுரைமாதிரி மினுங்குகிற சின்ன மூடி ஒவ்வொன்று போட்டுவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரமே இளையதம்பியர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"நான் முப்பது வருசம் சேவை," என்று கூட்டத்தில் கத்தினாராம். "ஒரு வரிசையிலையும் கடைசியா நிண்டதில்லை, பாண் கடைக் கியூவிலைகூட. நான் வாலோ? என்ரை பதவிக்கு ஒரு மரியாதை இல்லையோ?"

அவரை நடுவுக்குக் கொண்டுவந்தால் வேறொருவர் வாலாகவேண்டும். கணக்காளர் தலையிடி என்று வீட்டுக்குப் போனார். இலிகிதர்கள் சங்கத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார்கள். ஆகக் கனிஷ்டமான குணலட்சுமியை வாலில் விடலாம் என்றால், அவள் பணிப்பாளரின் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை. கடைசியில் பணிப்பாளர் ஒரு தீர்மானம் எழுதினார்: 'இந்நிலையத்தில் எந்தவோர் உத்தியோகத்தரும் வயரின் வாலில் அமரமாட்டார் எனவும், வால் என்னும் நிலையே இன்றுமுதல் ஒழிக்கப்படுகிறது எனவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' இரண்டு மூடியையும் கழற்றிவிட்டு, வயரின் அந்தத்தையும் தொடக்கத்தையும் ஒன்றாகப் பூட்டினார்கள். இப்போது எல்லாரும் வட்டத்தில் இருந்தார்கள். முந்தினவரும் இல்லை, பிந்தினவரும் இல்லை. கேக் வெட்டினார்கள்.

"மூடியளை என்ன செய்தவை?" என்று பரமலிங்கம் கேட்டான்.

"பணிப்பாளரின்ரை மேசையிலை குண்டூசிச் சட்டிக்கை கிடக்கு. வடிவாயிருக்கெண்டு வைச்சிருக்கிறார்."

தோட்டுச் சுரை என்றதும் அவனுக்கு அருமைநாயகி ஒரு நாள் சுரை ஒன்றைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கக் குனிந்து குனிந்து தேடியது நினைவுக்கு வந்தது. கடைசியில் வடைமாவுக்குள் கிடந்தது. "ஆற்றையும் வயித்துக்கை போகேக்கு முன்னம் கிடைச்சுதே" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் அதைக் குணலட்சுமிக்குச் சொன்னான். சொல்லும்போது அவனும் சிரித்தான். சிரித்து முடியத் தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தான்.

மாதங்கள் போயின. கோளாறு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கோளாறு எங்கே என்று சொல்லாமல், கோளாறு எவருடையதும் அல்ல என்று அது அறிக்கை தந்தது. அறிக்கையைத் தட்டெழுதிய மையே காய முன்னர், கொழும்பிலிருந்து வெள்ளைக்காரர் அனுப்பிய ஓர் எஞ்சினியர் யாழ்தேவியில் வந்து இறங்கினார். பெயர் யாகப்பு. மன்னார்ப் பக்கத்துப் பெடியன். சட்டைக் கையை மடித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

பரமலிங்கம் யன்னலுக்கு வெளியே, இருமாமல் நின்று பார்த்தான்.

யாகப்பு வயரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தார். பணிப்பாளரின் அறைக்குள் போய், கணக்காளரைத் தாண்டி, இலிகிதர்களைத் தாண்டி, இளையதம்பியரின் காலடியால் ஊர்ந்து, திரும்பப் பணிப்பாளரின் அறைக்குள் வந்தார். நின்று யோசித்தார். மறுபடியும் நடந்தார். மறுபடியும் பணிப்பாளரின் அறை. அங்கே பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த பணிப்பாளர், "என்ன, என்னைப் பாக்க ஆசையோ?" என்றார்.

"சேர், இந்த வயரின்ரை அந்தம் எங்கை?"

பணிப்பாளர் கோப்பையை வைத்தார். எழும்பினார். கோட்டுப் போடாவிட்டாலும் கோட்டின் பொத்தானைப் பூட்டுகிறவர்மாதிரி நெஞ்சைத் தடவினார்.

"தம்பி, இந்த நிலையத்திலே அந்தம் என்பது கிடையாது. பெரியவன், சிறியவன், முதல்வன், கடையன் என்ற வேற்றுமையை நாங்கள் ஒழித்துவிட்டோம். வெளியே உலகத்தில் என்ன நடந்தாலும், இந்தக் கட்டடத்துக்குள்ளே ஒருவருடைய மனமும் நோகாது. அது ஒன்றே எமது சாதனை."

யாகப்பு தலையைச் சொறிந்தார். "சேர், சாதனை சரி. ஆனால் வயர் வேலை செய்யாது. இதுக்குள்ளை போற சொல்லுக்கு ஒரு முடிவு வேணும். போய்ச் சேர்ந்து அடங்கிறதுக்கு ஒரு இடம். அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் மூடி. மூடியைக் கழட்டி வட்டமாப் பூட்டினா, சொன்ன சொல் அடங்காமல் சுத்திச் சுத்தித் திரும்பி வந்து அடுத்த சொல்லோடை மோதும். பிறகு ஒருதற்றை சொல்லும் ஒருதருக்கும் கேளாது."

யன்னலுக்கு வெளியே பரமலிங்கம் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த இரண்டு நாளும் கூட்டம் நடந்தது. மூடிகள் குண்டூசிச் சட்டியிலிருந்து எடுத்துத் துடைக்கப்பட்டன. ஒரு மூடி சேர்வர்ப் பக்கம், அதாவது தலைப்பக்கம். அதைப் பணிப்பாளர் தாராள மனத்தோடு ஏற்றுக்கொண்டார். மற்றதுதான் பிரச்சினை. இளையதம்பியர் இராஜினாமாக் கடிதத்தைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டே வந்தார். கணக்காளருக்குத் தலையிடி திரும்பியது. வயரை வெட்டினால் தங்கள் மேசையில் வெட்டக்கூடாது என்று இலிகிதர்கள் மாறி மாறி வயருக்குக் காவலிருந்தார்கள்.

கடைசியில் பணிப்பாளருக்கே வழி தோன்றிற்று. வயரை யன்னலால் வெளியே இழுத்து, வேப்பமரத்துக்குக் கீழே விண்ணப்பதாரரின் வாங்குக்குப் பக்கத்தில் ஒரு கொம்பியூட்டரை வைத்தால் என்ன? வாலை மக்களுக்கே கொடுத்துவிடலாம். எவரும் எதிர்க்கவில்லை. இவ்வளவு இயல்பான ஏற்பாடு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். இளையதம்பியர் கடிதத்தைக் கிழித்தார்.

யாகப்பு வயரின் வாலில் மூடியைத் திருகிப் பூட்டினார். உள்ளே திரைகளெல்லாம் ஒரே நேரத்தில் மாறின. சேர்வரைக் கண்டுகொண்டன.

ஆனால் உடனே ஒருவரும் ஒரு பெயரையும் தேடக்கூடாது என்று கட்டளை. திறப்புவிழா வைக்காமல் தேடினால் அந்தத் தேடல் செல்லாது. வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் விழா. நீண்ட காலமாக வருகிற விண்ணப்பதாரர் என்ற முறையில் முதலாவது தேடல் பரமலிங்கத்துக்கு. விழாவின் முடிவில் நன்றியுரையும் அவன்தான்.

"வடிவாக் கேளும்," என்று இளையதம்பியர் அவனுக்குப் பழக்கினார். "'என்னுடைய விண்ணப்பத்துக்கு உடனடியாகப் பதில் தந்த நிலையத்துக்கும், பணிப்பாளர் அவர்களுக்கும், பிரதம இலிகிதர் அவர்களுக்கும் நன்றி.' உவ்வளவுதான். பிரதம இலிகிதர் எண்டேக்கை கொஞ்சம் நிப்பாட்டிச் சொல்லும்."

"பதில் என்ன வந்தாலும் அதைத்தானோ ஐயா சொல்லுறது?"

"பதில் வந்தா நன்றி சொல்லத்தானே வேணும்?"

வெள்ளிக்கிழமை பரமலிங்கம் தலைதோய்ந்து, வேட்டி கட்டி, மல்லாகத்துத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாங்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அந்தக் கிழமை முழுக்க அவன் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணியில் சீனி கூடிப்போயிருந்தது. முகாமின் பெயர் தெரிந்ததும் எந்தக் கரையிலிருந்து எப்படிப் போவது என்றுகூட விசாரித்து வைத்திருந்தான். பெருஞ்சீரகம் போட்ட நீலப் பேணியை அவளுக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்று நினைத்திருந்தான். 'பாத்தியோ, நீ வைச்ச இடத்திலைதான் வைச்சிருக்கிறன்.'

வேப்பமரத்தில் லவுட்ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதன் வாய் பலாலி வீதியைப் பார்த்துத் திறந்திருந்தது. பணிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்த நிலையம் இதுவரை எத்தனை பேரைக் கண்டுபிடித்தது என்று சிலர் கேட்கிறார்கள். இது குறுகிய பார்வை. ஆட்களைத் தேடுவது எவருக்கும் முடியும். தேடுவதற்கான ஒழுங்கைத் தேடுவதுதான் கடினம். அதை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்! இன்னொன்றும் சொல்கிறேன். ஓர் ஆள் கிடைத்துவிட்டால் அவருடைய கோப்பினை மூடவேண்டும். எல்லாக் கோப்புகளையும் மூடிவிட்ட ஒரு கந்தோரை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? ஆகவே நீங்கள் தொடர்ந்து வாருங்கள். இந்த வால் உங்களுடையது!"

கைதட்டினார்கள். குணலட்சுமி மரத்தடிக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். பரமலிங்கம் அவளுக்குப் பக்கத்தில் நின்றான்.

"அக்காவின்ரை பேர் அருமைநாயகிதானே அண்ணை?" அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கேட்டாள்.

"ஓம் பிள்ளை."

அவள் தட்டினாள். உள்ளே பூட்டிய அறையில் ஏதோ உறுமிற்று. பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. குணலட்சுமியின் விரல்கள் பலகையிலேயே நின்றுவிட்டன. அவள் மொழிபெயர்க்கவில்லை.

பணிப்பாளர் குனிந்து மைக்கிலேயே வாசித்தார். "'அப்படி ஒரு பதிவு இல்லை!'" பிறகு யாகப்புவைப் பார்த்தார், கொஞ்சம் பயத்தோடு. "இது கோளாறு இல்லைத்தானே, தம்பி?"

"இல்லை சேர்," என்றார் யாகப்பு, மெல்ல. "இது பதில்."

"பதில்!" என்று பணிப்பாளர் கூவினார். "பெரியோர்களே, கனெக்சன் வந்துவிட்டது!"

கூட்டம் கைதட்டியது. இளையதம்பியர் கற்கண்டுத் தட்டை எடுத்தார். பரமலிங்கம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பிள்ளை, அவளுக்குக் கோவம் வந்தா பேரை மாத்திச் சொல்லியிருப்பாள். மார்க்கண்டு எண்டு போட்டுப் பார். தமையன். அதே வள்ளம். அவர் நேர்மையான ஆள், பேரை மாத்தார்."

குணலட்சுமி தட்டினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள், நேரமெடுத்து. அதே வரிதான் மறுபடியும் வந்தது.

"இரண்டாவது பதிலும் வந்துவிட்டது! முதலாவது தற்செயல் அல்ல!" என்றார் பணிப்பாளர். இந்தத் தடவை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது.

குணலட்சுமி கைதட்டவில்லை. வேப்பமரத்தடி வாங்கில் இருந்தவர்களும் தட்டவில்லை. தகப்பனைத் தேடுகிற சகோதரிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அந்த வள்ளத்தில் போன ஒருவரும் அக்கரையில் கால்வைக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டிப் போனவளுக்குக் கோபிக்க நேரமே கிடைத்திருக்காது. இவ்வளவு காலமும் அவன் அருமையாகக் காத்து வைத்திருந்த அவளுடைய கோபம், அவள் வைத்துவிட்டுப் போனதல்ல. அவனே செய்து வைத்தது.

அவன் கையில் யாரோ மைக்கை வைத்தார்கள்.

"நன்றியுரை," என்று இளையதம்பியர் காதுக்குள் சொன்னார். "உடனடியாகப் பதில் தந்த எண்டு தொடங்கும்."

"உடனடியாகப் பதில் தந்த..." என்றான் பரமலிங்கம். அவன் குரல் பலாலி வீதியிலிருந்து திரும்பி வந்து அவனுக்கே கேட்டது. "நிலையத்துக்கு நன்றி. பணிப்பாளர் ஐயாவுக்கு நன்றி. பிரதம இலிகிதர்..." நிப்பாட்டச் சொன்ன இடத்தில் நிப்பாட்டினான். பிறகு தொடரவில்லை.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பணிப்பாளர் பெருந்தன்மையோடு அவன் தோளில் தட்டினார்.

"பறவாயில்லை, பறவாயில்லை. வேறை ஏதும் சொல்லவேணுமெண்டாச் சொல்லும். வெக்கப்படாதையும்."

வேறை ஏதும் சொல்லவேணுமோ?

பரமலிங்கம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தான். வீதியில் பருத்தித்துறை பஸ் ஒன்று ஆளேற்றிக்கொண்டு நின்றது. அதற்கு அப்பால் வெயில்.

"ஓம்," என்றான். "சொல்லவேணும்."

தொண்டையைச் செருமினான்.

"நாயகி, போகாதை."